குளிர்ப் பகுதித் தோட்டத்தில் ஸ்குவாஷ்: பிஞ்சு உதிர்வதும் காய் முற்றாமல் போவதும்

வினா
எழுதியவர்: மலைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். கோடை குறுகியதாகவும் இரவுகள் குளிர்ந்தவையாகவும் இருக்கும் பகுதியில் சிறிய காய்கறித் தோட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். வசந்த காலத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர் காலத்தின் முதல் உறைபனிக்கும் நடுவே நூறு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியே கிடைக்கிறது. நடுக்கோடையிலும் இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடுவது உண்டு. முட்டைக்கோசு, பட்டாணி, கேரட் ஆகியவை நன்றாகவே விளைகின்றன. ஸ்குவாஷ் எனப்படும் பூசணி வகைகள் மட்டும் பிடி கொடுப்பதில்லை.

பிஞ்சாகவே பறித்துச் சமைக்கும் சுக்கினியும், முற்றவிட்டுச் சேமித்து வைக்கும் பட்டர்நட்டும் பயிரிட்டு வருகிறேன். உறைபனி நின்றதும் இரண்டையும் நேரடியாகப் பாத்தியில் விதைப்பதே என் வழக்கம். விதைகளில் பாதிக்கு மேல் முளைக்காமல் மண்ணிலேயே அழுகிவிடுகின்றன; முளைத்தவையும் இரண்டிலைப் பருவத்தில் வெகுநாள் அப்படியே நின்றுவிடுகின்றன. வெயில் ஏறிய பிறகு இலைகள் குடை குடையாக விரிகின்றன, பூக்களும் ஏராளமாக வருகின்றன. ஆனால் சுக்கினியின் முதல் பிஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்தவுடன் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடுகின்றன. பட்டர்நட்டிலோ காய் பிடிப்பதற்குள் கோடையில் பாதி கழிந்துவிடுகிறது. உறைபனி வரும்போது காய்கள் பச்சை வரிகளோடு, முற்றாமல், கொடியில் கிடக்கின்றன.

மட்கிய எரு தாராளமாகவே இடுகிறேன். பிஞ்சு உதிர்வதற்குக் காரணம் சத்துக் குறைவா, நீரா, குளிரா என்பதே என் முதல் ஐயம். விதைகளை வீட்டுக்குள் முளைக்க வைத்துப் பின்னர் வெளியே நடலாமா என்பது அடுத்தது. ஸ்குவாஷ் நாற்று இடம் மாற்றுவதைத் தாங்காது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு குறுகிய பருவத்தில் முற்றக்கூடிய, குளிர்காலத்துக்குச் சேமித்து வைக்கத்தக்க ரகம் ஏதேனும் உண்டா, அல்லது சுக்கினியோடு நிறுத்திக்கொள்வதுதான் அறிவுடைமையா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: கொடிக்கால்

வணக்கம் நண்பரே. தாங்கள் தனித்தனியாகக் கேட்டிருப்பவை அனைத்தும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. அந்தக் கணக்கை விதைப்பு நாளிலிருந்து போடாமல், இலையுதிர் காலத்தின் முதல் உறைபனியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

சேமித்து வைக்கும் குளிர்கால ஸ்குவாஷில், பெண்பூ மகரந்தம் பெற்றுக் காய் பிடித்த நாளிலிருந்து அக்காய் முற்றித் தோல் இறுகுவதற்கு ஏறத்தாழ 45 முதல் 55 நாட்கள் ஆகும். இரவுகள் குளிர்ந்திருந்தால் அதற்கும் மேலாகும். ஆகவே முதல் உறைபனி வழக்கமாக வரும் நாளை நாட்காட்டியில் குறித்து, அங்கிருந்து 55 நாட்கள் பின்னால் எண்ணிப் பாருங்கள். அந்த நாள்தான் உங்கள் தோட்டத்தின் கெடு. அதற்கு முன் பிடித்த காய் முற்றும். பின்னர் பிடிப்பவை கொடியின் வலுவை உறிஞ்சிக்கொண்டு பச்சையாகவே நிற்கும். எனவே அந்த நாள் வந்ததும் கொடியின் நுனிகளைக் கிள்ளிவிட்டு, புதிதாக வரும் பெண்பூக்களையும் அகற்றிவிடுவது நல்லது. பூவைக் கிள்ள மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும்.

கெடுவுக்குள் காய் பிடிக்க வைப்பதற்கு முதலில் சரியான இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் வளர்க்கும் ஸ்குவாஷ்கள் பெரும்பாலும் மூன்று இனங்களைச் சேர்ந்தவை. சுக்கினி, ஏகார்ன், டெலிகாட்டா, ஸ்பாகெட்டி ஆகியவை குக்கர்பிட்டா பெப்போ என்னும் இனம். பட்டர்கப், கபோச்சா, ஹப்பார்டு, உச்சிகி குரி ஆகியவை குக்கர்பிட்டா மாக்சிமா. தாங்கள் பயிரிடும் பட்டர்நட், குக்கர்பிட்டா மொஸ்காட்டா. இம்மூன்றில் வெப்பத்தை மிகுதியாக வேண்டுவது மொஸ்காட்டாதான். வெப்பமான சூழலிலேயே பட்டர்நட் முற்றுவதற்கு 105 முதல் 120 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளும். இரவில் 10 டிகிரியைத் தொடும் தோட்டத்தில் அது காலந்தாழ்த்திக் காய்ப்பதற்குத் தங்கள் பராமரிப்பில் குறை தேட வேண்டியதில்லை. தென் அமெரிக்காவில் பயிராக்கப்பட்ட மாக்சிமா இனம் இதனினும் குளிரைப் பொறுத்துக்கொள்ளும். அவ்வினத்தில் சிறிய காய் காய்க்கும் ரகங்கள் 85 முதல் 100 நாட்களில் முற்றிவிடுகின்றன. பட்டர்கப், கோல்டு நக்கெட் ஆகிய இரண்டும் அமெரிக்காவின் வட டகோட்டாவில், குறுகிய கோடைக்கு ஏற்றவையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை. கோல்டு நக்கெட் கொடியாகப் படராமல் புதராக நிற்கும். இடம் குறைந்த தோட்டத்துக்கும் பொருந்தும். ஆழ்ந்த செம்மஞ்சள் நிறத்தில், ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக்குப் போதுமான அளவில் காய்க்கும் உச்சிகி குரியும் நம்பத்தக்கதே. பெப்போவில் டெலிகாட்டாவும் ஏகார்னும் விரைவில் முற்றுபவை. ஆனால் அவை மாக்சிமாவைப் போல நெடுநாள் கெடாமல் இருப்பதில்லை.

விதை உறையில் அச்சிட்டிருக்கும் நாட்கணக்கு நல்ல வெப்பத்தை முன்வைத்துச் சொல்லப்படுவது. நமது நிலைக்கு அதனுடன் இரண்டு வாரமேனும் கூட்டிக்கொள்வது என் வழக்கம். அப்படிக் கூட்டினால் 90 நாள் ரகம் 105 நாளில் வந்து நிற்கும். உங்கள் பருவம் முழுவதும் அதற்கே சரியாகிவிடும். நேரடி விதைப்பை விட்டுவிட்டு நாற்று வளர்ப்புக்கு மாற வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மண்ணின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழ் இருந்தால் ஸ்குவாஷ் விதை முளைக்காது. ஈரமும் சேர்ந்திருந்தால் அழுகும். உறைபனி நின்றுவிட்ட நாளில் காற்று இதமாக இருந்தாலும் மண் பெரும்பாலும் அந்த வெப்பத்தை எட்டியிருக்காது. விதைகள் பாதிக்கு மேல் அழுகுவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. வீட்டுக்குள் 25 டிகிரி அளவு வெதுவெதுப்பு கிடைக்கும் இடத்தில் வைத்தால் அதே விதைகள் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இடம் மாற்றுவதை ஸ்குவாஷ் தாங்காது என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: வேர் கலைவதைத்தான் அது தாங்காது. ஆகையால் ஒரு தொட்டிக்கு ஒரு விதை என, 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டிகளில் ஊன்றுங்கள். மண்ணில் மட்கிப்போகும் காகிதத் தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசி உறைபனிக்கு மூன்று வாரம் முன்பாக, மிஞ்சினால் நான்கு வாரம் முன்பாக விதைத்தால் போதும். அதற்கும் முன்னதாக விதைத்தால் வேர்கள் தொட்டிக்குள் சுற்றிக்கொள்ளும். அந்த நாற்று வெளியே போனதும் திகைத்து நிற்க, பின்னர் விதைத்த இளநாற்று அதைத் தாண்டிச் சென்றுவிடும். விதையிலைகளுக்குப் பின் இரண்டு அல்லது மூன்று உண்மையிலைகள் வந்த நிலையே நடுவதற்கு உரிய பருவம். நடுவதற்கு முன் ஒரு வாரம், பகலில் சில மணி நேரம் நிழலில் தொடங்கி, படிப்படியாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். நடும் நாளில், 5 சென்டிமீட்டர் ஆழத்தில் காலை வேளையில் அளந்த மண் வெப்பநிலை 16 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மண்வெப்பமானி ஒன்று கையில் இருப்பது எந்த உரத்தைக் காட்டிலும் பயன் தரும்.

பிஞ்சு உதிர்வதைப் பற்றித் தேனீத்தோழி அவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

மறுமொழி 2
எழுதியவர்: தேனீத்தோழி

கொடிக்கால் ஐயா அழைத்ததால் எழுதுகிறேன். நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும் பிஞ்சு பெரும்பாலும் மகரந்தம் கிடைக்காத பிஞ்சுதான். ஸ்குவாஷின் பெண்பூ மலர்வதற்கு முன்பே அதன் அடியில் சிறு காய் உருவாகியிருக்கும். அதைப் பார்த்து நாம் காய் பிடித்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது இன்னும் சூலகம்தான். மகரந்தம் சேராவிட்டால் சில நாட்களில் வாடி உதிரும். ஓரளவு மட்டும் சேர்ந்தால் காம்புப் பக்கம் பருத்து, பூப்பக்கம் சூம்பிய கோணல் காயாக நிற்கும். தங்கள் தோட்டத்தில் அப்படிப்பட்ட கோணல் காய்களும் இடையிடையே வந்திருந்தால், இந்த முடிவை நீங்கள் ஐயமின்றி ஏற்கலாம்.

குளிர்ப் பகுதியில் இது நேர்வதற்குப் பல வழிகள் உண்டு. வழக்கமாக ஸ்குவாஷில் முதலில் ஆண்பூக்கள்தான் வரும். ஒரு வாரம் கழித்தோ அதற்குப் பின்னரோ பெண்பூக்கள் தோன்றும். ஆனால் நெடிய பகலும் வெப்பமும் ஆண்பூக்களைப் பெருக்க, குளிர்ந்த இரவுகள் பெண்பூக்களைத் தூண்டுகின்றன. அதனால் குளிர்ந்த வசந்தத்தில் சுக்கினிச் செடி சில சமயம் முறையை மாற்றிக்கொண்டு, ஓர் ஆண்பூகூட இல்லாத நிலையில் பெண்பூக்களை மட்டும் வரிசையாக மலர்த்திவிடும். அப்போது உதிரும் முதல் பிஞ்சுகளைக் குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆண்பூ வந்ததும் நிலைமை தானாகவே சீராகும்.

ஆண்பூக்கள் இருந்தும் பிஞ்சுகள் உதிர்கின்றன என்றால் தேனீக்களின் வருகையைக் கவனியுங்கள். ஸ்குவாஷ் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும்; அதன்பின் அதே பூ மீண்டும் விரிவதில்லை. வளர்ப்புத் தேனீக்கள் ஏறத்தாழ 12, 13 டிகிரிக்குக் கீழ் கூட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. குளிர்ந்த, மேகமூட்டமான காலையில் பூ காத்திருக்கும் நேரமும் தேனீ பறக்கும் நேரமும் ஒன்றையொன்று தவறவிட்டுவிடுகின்றன. உடல் முழுதும் அடர்ந்த மயிர் கொண்ட பம்பிள் வண்டுத்தேனீக்கள் அதைவிடக் குளிரான வேளையிலும் பறக்கும்; எனவே அவற்றை ஈர்க்கும் பூச்செடிகளைப் பாத்தியோரத்தில் வைப்பது வீண்போகாது. ஆனால் இரண்டோ மூன்றோ செடிகள் உள்ள வீட்டுத் தோட்டத்தில் கையால் மகரந்தம் சேர்ப்பதே உறுதியான வழி.

முறை எளியது. காலையில் பூக்கள் விரிந்த சில மணி நேரத்துக்குள், அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நீண்ட காம்பில், அடியில் பிஞ்சில்லாமல் நிற்பதே ஆண்பூ. அதன் இதழ்களைக் கிழித்து அகற்றினால் நடுவில் மஞ்சள் பொடி படிந்த தண்டு தெரியும். அதைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் மடல்கள் எல்லாவற்றிலும் படும்படி மென்மையாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்துவிட்டால் கோணல் காய்தான் வரும். ஆண்பூக்கள் போதுமான அளவில் இருந்தால் ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூக்களைப் பயன்படுத்துங்கள். முந்தைய நாள் மலர்ந்த பூவின் மகரந்தம் பெரும்பாலும் வீரியமிழந்திருக்கும். அதை நம்ப வேண்டாம்.

விடியல் மிகக் குளிராக இருக்கும் நாட்களுக்கு நான் கையாளும் ஒரு வழி உண்டு. மறுநாள் விரியப்போகும் ஆண்மொட்டின் நுனி முந்தைய மாலையிலேயே மஞ்சள் நிறம் காட்டும். அதைக் காம்போடு பறித்துத் தண்ணீரில் நிறுத்தி வீட்டுக்குள் வைத்தால் காலையில் வெதுவெதுப்பில் நன்றாக விரிந்து, உதிரியான மகரந்தத்தோடு தயாராக இருக்கும். பெண்பூ விரிந்ததும் கொண்டுபோய்த் தேய்த்துவிடலாம்.

ஒரே இனத்துக்குள் ரகம் மாறினாலும் மகரந்தம் செல்லும். சுக்கினியில் ஆண்பூ இல்லாத நாளில் ஏகார்னின் ஆண்பூவைக் கொண்டு சேர்க்கலாம். கிடைக்கும் காயின் வடிவமோ சுவையோ இதனால் மாறாது, அதனுள் இருக்கும் விதைதான் கலப்பாகும். பட்டர்நட்டின் ஆண்பூ வேறு இனத்தது. சுக்கினிக்கு அதைக் கணக்கில் கொள்ளாதீர்கள். இவ்வளவும் வேண்டாம் என்று கருதினால், மகரந்தம் இல்லாமலே காய் பிடிக்கும் பார்த்தெனான், கவிலி போன்ற சுக்கினி ரகங்களும் உள்ளன. குளிர் மிகுந்த தோட்டத்துக்கு அவை மிகவும் ஏற்றவை என்பது என் கருத்து.

மலைச்சாரல் எழுதியது:

கொடிக்கால் ஐயாவுக்கும் தேனீத்தோழி அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. தாங்கள் சொன்ன கோணல் காய்கள் என் தோட்டத்தில் நிறையவே வந்தன. அவற்றை ஏதோ நோய் என்று நினைத்திருந்தேன். இன்னும் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். மண்ணை விரைவாக வெதுவெதுப்பாக்கக் கறுப்பு நெகிழித் தாள் விரிக்கலாமா? மெல்லிய துணிப் போர்வை போட்டால் தேனீக்களைத் தடுத்துவிடாதா? கோடை முடிவில் இலைகளெங்கும் வெண்பொடி படிவதற்கு என்ன செய்வது? அடுத்த வீட்டுத் தோட்டத்தில் அலங்காரச் சுரைகளும் இருக்கின்றன. என் சுக்கினியில் ஒன்றை முற்றவிட்டு அதன் விதையையே அடுத்த பருவத்துக்கு விதைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: ஏர்முனை

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் மட்டும்தான் ஆபத்து இருக்கிறது. அந்த விதையை விதைக்காதீர்கள். சிறிய அலங்காரக் காய்களில் பல, சுக்கினியின் இனமான குக்கர்பிட்டா பெப்போவையே சேர்ந்தவை; அவற்றின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருந்தால், விதையிலிருந்து வளரும் செடியின் காய்களில் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் மிகுந்திருக்கக்கூடும். அது கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும், சமைத்தாலும் அழியாது. எங்கே விளைந்ததாயினும் சுக்கினி கசந்தால் துப்பிவிட்டு, மிச்சத்தை எறிந்துவிட வேண்டும்.

நாற்று விஷயத்தில் கொடிக்கால் அவர்களோடு நான் முழுவதுமாக உடன்படவில்லை. குளிர்கால ஸ்குவாஷுக்கு அவர் சொன்ன முறை சரியே. ஆனால் 50, 60 நாட்களில் காய்க்கத் தொடங்கும் சுக்கினிக்கு, உங்கள் பருவத்திலும்கூட, நாற்று கட்டாயமில்லை. முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிய மண்ணில் நேரடியாக விதைத்த சுக்கினி, ஆணிவேர் கலையாமல் வளர்வதால், வறட்சியை நன்றாகத் தாங்குகிறது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாமல் நெட்டையாக, வெளிறி வளர்ந்த நாற்றைவிட அது எவ்வளவோ மேல்.

கறுப்புத் தாளைத் தாராளமாக விரிக்கலாம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே விரித்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், தாள் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கறுப்புத் தாள் தான் ஏற்ற வெப்பத்தை மண்ணைத் தொடுவதால்தான் மண்ணுக்குக் கடத்துகிறது. இடையே காற்று நின்றால் தாள் சுடும், மண் குளிர்ந்தே இருக்கும். நிறமற்ற தாள் இன்னும் கூடுதலாகச் சூடேற்றும், ஆனால் அதன் அடியில் களைகள் செழித்துவிடும். பாத்தியைச் சற்று மேடாக்கினால் நீர் வடிந்து மண் இன்னும் விரைவாகச் சூடாகும். வைக்கோல் மூடாக்கைப் பருவத் தொடக்கத்தில் போடாதீர்கள்; அது மண்ணின் குளிர்ச்சியைக் காப்பாற்றிவிடும். தோட்டத்தில் மதில் ஏதேனும் இருந்தால், நண்பகல் வெயில் நேராக விழும் பக்கத்தில், காற்று படாத மூலையை ஸ்குவாஷுக்கு ஒதுக்குங்கள். மதில் பகலில் உள்வாங்கிய வெப்பத்தை முன்னிரவில் திருப்பித் தரும்.

துணிப் போர்வை இரவில் இரண்டொரு டிகிரி காப்பதோடு காற்றையும் தடுக்கும். நட்ட நாளிலிருந்து வளைவுக் கம்பிகள்மேல் போட்டு, விளிம்புகளை மண்ணால் அழுத்திவைக்கலாம். பெண்பூ மலரத் தொடங்கியதும் பகலில் எடுத்துவிட வேண்டும். உறைபனி எச்சரிக்கை வரும் இலையுதிர் கால இரவுகளில் அதே துணி மீண்டும் உதவும். குறுகிய பருவத்தில் பத்து நாள் கூடுதலாகக் கிடைப்பது சிறிய விஷயமில்லை.

நத்தையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்த இடத்தில் இளநாற்றை ஒரே இரவில் தண்டோடு தின்றுவிடும். மாலையில் நீர் ஊற்றுவதை விட்டுக் காலையில் ஊற்றுங்கள். முதல் இரண்டு வாரம் நாற்றைச் சுற்றி அடியில்லாத நெகிழிப் புட்டியைக் கவிழ்த்துவைத்தால் நத்தையும் அணுகாது, சிறு குடில் போலச் சூடும் நிற்கும்.

வெண்பொடி படிவது சாம்பல் நோய். மற்றப் பூஞ்சை நோய்கள் பலவும் பரவ இலை நனைந்திருக்க வேண்டும்; இதற்கு அது வேண்டியதில்லை. வறண்ட பகலும் ஈரக்காற்றுள்ள இரவும் அமைந்தால் பரவிவிடும். மருந்து தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: சுக்கினியின் பல ரகங்களில் இலை நரம்புகளை ஒட்டி வெள்ளித் திட்டுகள் இயல்பாகவே இருக்கும். விரலால் தேய்த்தால் போகாவிட்டால் அது நோயன்று. உண்மையான சாம்பல் நோய் வட்டப் புள்ளிகளாக, முதிர்ந்த இலைகளில் தொடங்கும். அந்த நிலையிலேயே ஒரு பங்கு பாலை ஒன்பது பங்கு நீரில் கலந்து, வெயிலுள்ள காலையில் வாரம் ஒரு முறை இலையின் இரு புறமும் தெளித்தால் பரவுவது குறையும்; சுக்கினியை வைத்துப் பிரேசிலில் செய்து 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு ஆதரவாக இருக்கிறது. கோடையின் கடைசி வாரங்களில் காய்கள் ஏற்கனவே பருத்துவிட்ட நிலையில் நோய் வந்தால் நான் எதுவும் செய்வதில்லை. இளம் இலைகள் பசுமையாக இருந்தால் காய் முற்றிவிடும்.

எருவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலைகள் பெருகும், பூப்பது தள்ளிப்போகும். குடை குடையாக இலைகள் விரிவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மண்ணில் சத்துக்குக் குறைவில்லை என்றே தோன்றுகிறது.

மறுமொழி 4
எழுதியவர்: கொடிக்கால்

சுக்கினியை நேரடியாக விதைப்பது பற்றி ஏர்முனை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், மண்வெப்பமானி 16 டிகிரியைக் காட்டிய பிறகு விதைப்பதாக இருந்தால் மட்டும்.

அறுவடையைப் பற்றி இன்னும் பேசவில்லை. குளிர்ப் பகுதியில் பாதிப் பயிர் வீணாவது அந்தக் கட்டத்தில்தான். சுக்கினியைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை: பூத்து ஒரு வாரத்துக்குள், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் பறித்துக்கொண்டே இருங்கள். ஒரு காயைச் செடியிலேயே பெருக்கவிட்டால் செடி அதற்கே உழைக்கத் தொடங்கிப் புதிய பிஞ்சுகளைக் கைவிட்டுவிடும்.

குளிர்கால ஸ்குவாஷில் படரும் ரகங்களுக்குச் செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும். கொடியின் கணுக்கள் மேல் மண்ணைச் சிறிது அணைத்துவிட்டால், மாக்சிமாவும் மொஸ்காட்டாவும் அங்கும் வேர்விட்டுக் கூடுதலாக நீரும் சத்தும் எடுத்துக்கொள்ளும். ஒரு கொடியில் பெரிய காய் என்றால் இரண்டு, உச்சிகி குரி போன்ற சிறிய காய் என்றால் நான்கு போதும். ஆசைப்பட்டு எட்டுப் பிஞ்சுகளைவிட்டால் எட்டும் அரைகுறையாக நிற்கும்.

முற்றியதை அறிவதற்குத் தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பது பழைய முறை. நகம் இறங்காவிட்டால் முற்றிவிட்டது. மாக்சிமா ரகங்களில் காம்பைப் பார்த்தாலே தெரியும்: பசுமை மாறித் தக்கை போல வெளுத்து, நெடுக வெடிப்புகள் தோன்றியிருக்கும். பட்டர்நட்டில் பச்சை வரிகள் முழுதும் மறைந்து தோல் சந்தன நிறத்துக்கு வர வேண்டும். இலேசான உறைபனியில் இலைகள் கருகினாலும் காய் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இலையின் மறைப்புப் போய்விட்டதால் அடுத்த இரவில் காயே அடிபடும். உறைந்து நெகிழ்ந்த காய் சேமிப்பில் நிற்காது. ஆகவே முதல் உறைபனி எச்சரிக்கையன்றே, அல்லது மறுநாள் காலையிலாவது, எல்லாவற்றையும் வெட்டி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். காம்பை 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டு வெட்ட வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு முறிந்த இடம் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. முற்றாத பட்டர்நட்டை எறிய வேண்டியதில்லை. தோல் மென்மையாக இருக்கும்வரை சுக்கினியைப் போலவே சமைத்து உடனே பயன்படுத்தலாம்.

வெட்டிய காய்களை, ஏகார்னைத் தவிர, 27 டிகிரி அளவு வெப்பத்தில், காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் பதப்படுத்தினால் தோல் இறுகிச் சிறு கீறல்கள் ஆறிவிடும். குளிர்ப் பகுதியில் அந்த வெப்பம் வெளியே கிடைக்காது. வெப்பமூட்டி உள்ள அறையிலோ, வெயில் விழும் சன்னலோரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். ஏகார்னைப் பதப்படுத்தினால் அதன் தரம் கெடும்; அதை அப்படியே எடுத்துவைத்து ஒன்றிரண்டு மாதங்களில் தீர்த்துவிட வேண்டும். சேமிக்கும் அறை 10 முதல் 13 டிகிரிக்குள், உலர்வாக இருப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் முழுக் காயை வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழ் நாள்பட இருந்தால் குளிர்க்காயம் ஏற்பட்டு அழுகத் தொடங்கும். முறையாகப் பதப்படுத்திய பட்டர்நட் இரண்டு மூன்று மாதங்களும், ஹப்பார்டு ஐந்தாறு மாதங்களும் நிற்கும்.

கபோச்சா, பட்டர்கப் இரண்டையும் பறித்தவுடன் வெட்டிப் பார்த்துவிட்டு இனிப்பில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அவற்றிலுள்ள மாவுச்சத்து சேமிப்பில்தான் சர்க்கரையாக மாறுகிறது. மூன்று நான்கு வாரம் பொறுத்து வெட்டினால் அதே காய் வேறு சுவையில் இருக்கும்.